மலை யாருடைய உடைமை? ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடும் பயன்கொள்ளும் அறமும்

இயற்கையைத் தெய்வமாக வணங்கும் சமய மரபு இயற்கையைக் காக்கும் என்பது தமிழ்ச் சூழலில் ஏறத்தாழ ஐயமின்றி ஏற்கப்பட்டுவிட்ட கருத்து. மலையைச் சிவனாகவும் துளசியைத் தாயாராகவும் ஓடையைக் கங்கையாகவும் கருதும் மக்கள் அவற்றுக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்பதும், தீங்கு நேர்ந்திருந்தால் மரபை விட்டு விலகிய இக்கால வாழ்வே அதற்குக் காரணம் என்பதும் இக்கருத்தின் இரு பகுதிகள். அமெரிக்க வரலாற்றாசிரியர் லின் ஒயிட் 1967-இல் எழுதிய கட்டுரையொன்றில், இயற்கையின் மீது மனிதனுக்கு ஆட்சியுரிமை உண்டு என்று கற்பித்த மேலைக் கிறித்தவத்திடம் சூழல் நெருக்கடியின் வேரைத் தேடியபோது, கீழைச் சமயங்களைச் சேர்ந்தோர் பலர் அதைத் தங்களுக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டனர். அந்தச் சான்று தகுமா என்பதைப் பொதுப்படப் பேசித் தீர்மானிக்க இயலாது. குறிப்பிட்ட ஒரு மலையில், அங்கு யார் எதை எடுக்கிறார்கள், யார் எதை இழக்கிறார்கள் என்று பார்த்தே சொல்ல வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களுக்குப் பின்னால் எழும் மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவு அத்தகைய ஆய்வுக்கு வேறெந்த இடத்தையும்விடப் பொருத்தமானது.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலையின் கேரளப் பக்கத்திலேயே கொட்டிவிடுவதால், இந்தக் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதியாக, அதாவது மலை தடுத்துவிட்ட மேகத்தின் மிச்சத்தையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் நம்பியிருக்கும் நிலமாக அமைந்துள்ளது. உயரத்தில் பசுமைமாறாக் காடும், இடையில் இலையுதிர் காடும், அடிவாரத்தில் முட்புதரும், அதற்கும் கீழே மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கண்மாய்ப் பாசன வயலுமாக அது படிப்படியாக இறங்குகிறது. சாம்பல் நிற மலையணிலைக் காப்பதற்கென 1988-இல் இங்கு சுமார் 485 சதுர கிலோமீட்டர் பரப்பில் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2012-இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றபோது இந்தச் சரணாலயமும் அவற்றுள் ஒன்றாயிற்று. 2021 பிப்ரவரியில் இதுவும் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டு, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பரப்பில், தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் உருவானது. இத்தனை சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்ட இதே சரிவில்தான் சதுரகிரியின் சுந்தரமகாலிங்கமும், செண்பகத்தோப்புக்கு மேலே காட்டழகரும், ராஜபாளையத்துக்கு மேற்கே நீர்காத்த அய்யனாரும் குடிகொண்டிருக்கின்றனர். ஆகவே சட்டம், வழிபாடு, பிழைப்பு ஆகிய மூன்றும் ஒரே மரத்தின் மீது உரிமை கோரும் நிலை இங்கு அன்றாட நடப்பு.

முதலில் இவ்வூர்களின் கதைகளைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணம், அதாவது அத்தலம் தோன்றிய விதத்தைக் கூறும் சமயக் கதை, ஒரு புலியின் தாக்குதலோடு தொடங்குகிறது. மல்லி என்னும் வேடர்குல அரசியின் மக்களான வில்லி, கண்டன் ஆகிய இருவரும் இக்காட்டில் வேட்டையாடச் சென்றபோது கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. தம்பியைத் தேடிக் களைத்து உறங்கிய வில்லியின் கனவில் பெருமாள் தோன்றி நடந்ததைக் கூறி, காட்டைத் திருத்தித் தமக்குக் கோயிலும் சுற்றிலும் ஊரும் அமைக்குமாறு பணிக்க, வில்லியின் பெயராலேயே ஊர் உண்டாகிறது. இதே ஊரில் பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து இறைவனுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்ததும், அந்த நந்தவனத்தின் துளசிச் செடியருகே ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்ததும் அடுத்த கதை. சதுரகிரியின் கதையோ மேய்ச்சலைப் பற்றியது: மலையில் மாடு மேய்த்த பச்சைமால் என்னும் இடையர், ஒரு பசுவின் பால் மட்டும் நாள்தோறும் குறைவதைக் கண்டு மறைந்திருந்து பார்த்து, அதன் மடியில் வாய்வைத்துப் பாலருந்திய சித்தரைக் கோலால் அடிக்க, அடிபட்டவர் சிவனென வெளிப்பட்டு அங்கேயே சாய்ந்த இலிங்கமாக நிலைத்தார் என்பது. ராஜபாளையத்து அய்யனார்க்குத் தனிப் புராணம் தேவைப்படவில்லை; மலையிலிருந்து இறங்கும் ஓடையின் கரையில் இருந்துகொண்டு நீரைக் காப்பவர் என்பதை அவருடைய பெயரே சொல்லிவிடுகிறது.

காட்டை வெட்டுதல், செடி வளர்த்தல், மாடு மேய்த்தல், நீரைக் காத்தல் என்னும் நான்கு செயல்களுக்கும் ஒரே சரிவில் தெய்வத்தின் ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்பது இக்கதைகளைச் சேர்த்துப் படிக்கும்போது தெரிகிறது. மரபு காட்டைக் காக்கச் சொன்னது என்று பேசுவோர் வில்லியின் கோடரியை வசதியாக மறந்துவிடுகின்றனர். வேளாண்மை பரவிய காலத்தில் காடு கெடுத்து நாடாக்குவதே பெரும் அறச்செயலாகக் கருதப்பட்டது. கனவில் வந்த பெருமாளும் அக்காலத்து அறத்தையே பேசினார். எனவே புனிதம் என்னும் கருத்தைக் கொண்டு மட்டும் காட்டைக் காக்கவேண்டும் என்ற முடிவுக்கு வர முடியாது. அக்கருத்து எந்தப் பக்கமும் சாயக்கூடியது.

இதற்கு மறுப்பாகக் கோயில்காடுகளைச் சுட்டுவது வழக்கம். ஊர்த் தெய்வத்துக்கென விடப்பட்டு, கிளை ஒடிப்பதும் சுள்ளி பொறுக்குவதும்கூட விலக்கப்பட்ட சிறு காடுகளே கோயில்காடுகள். மாதவ் காட்கிலும் வர்தக்கும் 1970-களில் மகாராட்டிரப் பகுதியில் இவற்றை ஆராய்ந்து எழுதிய பிறகே, சுற்றியுள்ள காடு முற்றிலும் அழிந்த இடங்களிலும் இத்தகைய காவுகளில் அரிய மரங்கள் எஞ்சியிருப்பதை அறிவியலுலகம் பொருட்படுத்தத் தொடங்கியது. ஆனால் கோயில்காடு எதனால் பிழைத்தது என்று பார்த்தால், அதற்கென ஓர் எல்லை இருந்தது. இதைச் செய்யலாம், இதைச் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மீறியவரைக் கேட்க ஊர் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கு வருவோர் அந்த ஊரார் மட்டுமாகவே இருந்தனர். தெய்வத்தின் மீதுள்ள அச்சம் இக்கட்டுப்பாட்டுக்கு வலுவூட்டியது உண்மை. எல்லையும் ஊரும் இல்லாத இடத்தில் அதே அச்சமும் அன்பும் என்ன செய்யும் என்பதற்குச் சதுரகிரியே விடை. மூலிகைக் காற்றையும் சித்தர் அருளையும் நாடி ஆடி அமாவாசைக்கு மாநிலம் முழுவதிலுமிருந்து திரளும் கூட்டம் தாணிப்பாறையிலிருந்து ஓடைகளைத் தாண்டி ஏறும் பாதை, அக்காட்டின் நீர்வழிப் பாதையும் விலங்குகளின் நடமாட்டப் பாதையும் ஆகும். 2015 மே மாதத்து அமாவாசைக்குச் சென்ற பக்தர்கள் பலர் திடீர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்த பின்னரே, மலையேறும் நாள்களும் நேரமும் பற்றிய கட்டுப்பாடு ஊரெங்கும் பேசுபொருளாயிற்று. அதுவும் பெரிதும் மனித உயிரின் பாதுகாப்பை முன்னிட்டே. நெகிழிப் பைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் கற்பூர அட்டைகளும் பாதையோரம் சேர்வது பக்திக் குறைவினால் அன்று. மலை புனிதமானது என்பதாலேயே இவ்வளவு பேர் ஏறுகின்றனர், ஏறுபவர் எவருக்கும் அம்மலை தம் ஊர் மலை அன்று.

அப்படியானால் சமயச் சிந்தனை இந்தச் சிக்கலில் தருவதற்கு ஒன்றும் இல்லையா? உண்டு, ஆனால் அது புனிதம் என்னும் உணர்ச்சியில் இல்லை, உடைமை பற்றிய கோட்பாட்டில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் சார்ந்திருக்கும் வைணவத்தின் தத்துவம் விசிஷ்டாத்வைதம் எனப்படும். பரம்பொருள் ஒன்றே எனினும், உயிர்களும் சடப்பொருள்களும் பொய்த்தோற்றமல்ல, அப்பரம்பொருளை விட்டுப் பிரியாத அதன் அடைமொழிகளாக உண்மையிலேயே இருப்பவை என்பது அதன் சாரம். இராமானுசர் இவ்வுறவை உடலுக்கும் உயிருக்கும் உள்ள உறவாக விளக்கினார்: ஓர் உயிரால் தாங்கி நடத்தப்பட்டு, அவ்வுயிரின் பொருட்டே இருப்பது எதுவோ அது அதன் உடல், அப்பொருளில் உலகம் முழுவதும் இறைவனின் உடல். இதையே சேஷ-சேஷி உறவு என்ற சொற்களாலும் வைணவர் குறிப்பர். பிறிதொன்றின் மேன்மைக்குத் துணையாவதையே தன் இயல்பாகக் கொண்டது சேஷம்; யாருடைய மேன்மைக்கோ அவர் சேஷி. ஒரு பொருளின் உரிமை சேஷிக்கே உரியது, சேஷத்துக்கு அன்று.

இக்கோட்பாட்டைக் காட்டின் மீது வைத்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு வழக்கமான இரு நிலைப்பாடுகளிலிருந்தும் வேறுபடுகிறது. மரம் மனிதனுக்காக இருக்கிறது என்பது முதல் நிலைப்பாடு. மரம் தனக்காகவே இருக்கிறது, ஆகவே மனிதன் அதைத் தொடக்கூடாது என்பது மேலைச் சூழலியலாரில் ஒரு சாராரின் நிலைப்பாடு. இராமானுசரின் தத்துவப்படி மரம் மனிதனுக்காகவும் இல்லை, தனக்காகவும் இல்லை. மனிதனும் அவ்வாறே தனக்காக இல்லை. இரண்டும் ஒரே உடையவரைச் சேர்ந்தவை என்பதால் ஒன்று மற்றொன்றைத் தன் உடைமையாகக் கொள்ள வழியில்லை. ஆனால் ஒன்று மற்றொன்றுக்கு உதவ வழி நிரம்ப உண்டு. பிள்ளை லோகாசாரியரும் மணவாள மாமுனிகளும் வளர்த்த தென்கலை மரபு இதை இன்னும் ஒரு படி கொண்டுசென்று, இறைவனுக்கு அடிமையாதலின் எல்லை அவன் அடியார்க்கு அடிமையாதலே என்று வற்புறுத்தியது. நான் என்னும் அகங்காரமும் எனது என்னும் மமகாரமும் நீங்கவேண்டியது இறைவன் முன்னிலையில் மட்டுமன்று, பக்கத்தில் இருப்பவர் முன்னிலையிலும் என்பதே இதன் பொருள். அக்காலத்து ஆசாரியர்கள் மலையணிலையோ யானையையோ நினைத்து இதை எழுதவில்லை என்பது தெளிவு. எனினும் தர்க்கம் அவர்களுடையதே. அதை நீட்டுவது மட்டுமே பின்வந்தோர் செய்யும் வேலை.

இக்கோட்பாட்டின் பெரிய பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாம் இறைவனுடையது என்று சொன்னவுடன், இறைவன் சார்பில் அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் யார் என்ற கேள்வி எழுகிறது. வரலாற்றில் அந்த இடம் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை. தேவதானம் எனக் கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களை அறங்காவலர் ஆண்டனர். இம்மலையடிவாரத்தின் ஒரு பகுதி சேத்தூர் ஜமீனின் கீழ் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அந்த ஆட்சி முடிந்தது. இந்தியச் சட்டத்தில் கோயில் தெய்வம் சொத்து வைத்துக்கொள்ளக்கூடிய சட்ட நபராகவே கருதப்படுகிறது. ஆனால் அந்த நபருக்காகக் கையெழுத்திடுவது வேறொருவர். காட்டைப் பொறுத்தவரை இன்று அவ்வாறு கையெழுத்திடுவது அரசு. தெய்வத்தின் பெயரால் ஆனாலும் நாட்டின் பெயரால் ஆனாலும், பொதுவுடைமை என்பது நடைமுறையில் ஒரு காவலரின் கையில் இருக்கும் சாவியாக மாறிவிடுகிறது. ஆகவே உடைமை யாருக்கும் இல்லை என்ற கோட்பாடு பாதிதான். அளவு எது, பங்கு எப்படி என்ற இரு கேள்விகளுக்கும் விடை கிடைத்தாலொழிய அது முழுமையடையாது.

அளவு பற்றிய சிந்தனைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலிலேயே இரண்டு சான்றுகள் உண்டு. ஆண்டாள் பெருமாளுக்குரிய மாலையைத் தான் முதலில் சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்து, பின்னர்க் கொடுத்தனுப்பியதும், அதையறிந்து பதறிய பெரியாழ்வார் புதுமாலை கட்டியபோது இறைவன் அவள் சூடியதையே விரும்பியதும் அனைவரும் அறிந்த கதை. அந்தக் கிணறு என்று காட்டப்படும் கண்ணாடிக் கிணறு இன்றும் கோயிலில் இருக்கிறது. பிறர் நுகர்ந்த பூ பூசைக்கு ஆகாது என்பது விதி. கதை அந்த விதியை மீறியவளின் பக்கம் நின்று பேசுகிறது. காதலின் ஆழத்தையே இக்கதை காட்டுகிறது என்று உரையாசிரியர்கள் கொள்வது சரியே. ஆயினும் பயன்கொள்ளும் அறத்தைப் பற்றியும் அதிலிருந்து ஒன்று பெறலாம்: தனக்கு மேலான ஒருவருக்குரிய பொருளைத் தானும் நுகர்வது குற்றமன்று, அது வாடாமல் குலையாமல் கொடுக்கத்தக்க நிலையிலேயே இருக்குமானால். இன்று நீடித்த பயன்பாடு என்று சட்டங்களில் எழுதப்படுவது இதைத்தான். இங்கே ஒரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. ஆண்டாள் சூடிய மாலைக்கான பூவைப் பெரியாழ்வார் நாள்தோறும் நீரூற்றி வளர்த்தார். காட்டிலிருந்து எடுப்பவருக்குப் பின்னால் அப்படி வளர்ப்பவர் எவரும் இல்லை, காடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் வேகமே அங்கே எல்லை.

இரண்டாவது சான்று ஆண்டாளின் இடக்கையில் இருக்கும் கிளி. அது பொன்னாலோ மரகதத்தாலோ ஆனதன்று. ஒவ்வொரு நாளும் புதிதாக இலையால் கட்டப்படுவது. மரவள்ளி இலை உடலாகவும், நந்தியாவட்டை இலை இறக்கையாகவும், மாதுளம்பூ அலகாகவும், அரளி மொட்டுகள் வாலாகவும் வைக்கப்பட்டு, மூங்கில் குச்சிகளும் வாழைநாரும் கொண்டு கிளி உருவம் பெறுகிறது. மறுநாள் அதற்கு வேலையில்லை. வேறொரு கிளி வந்துவிடும். மரவள்ளி தென்னமெரிக்காவிலிருந்து வந்த பயிர் என்பதை எண்ணும்போது, மாறாத மரபு என்று போற்றப்படுவதும் காலப்போக்கில் புதியதைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது என்பது புலப்படும். ஆனால் இங்கு முக்கியமானது அளவு. ஒரு கைப்பிடி இலை, சில மொட்டுகள், தோட்டத்தில் மீண்டும் துளிர்ப்பவை, மட்கிப்போகக்கூடியவை. திருமூலரும் திருமந்திரத்தில் இத்தகைய சிற்றளவையே பேசுகிறார்: இறைவனுக்கு ஓர் இலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணுமுன் பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறரிடம் இனிய சொல் என அவர் அடுக்கும் கடமைகளில் வழிபாடு ஓர் இலையோடு முடிந்துவிடுகிறது, மீதமெல்லாம் பகிர்தலைப் பற்றியவை.

பகிர்தலை உயிர்க்காப்போடு இணைத்தவர் வள்ளுவர். கிடைத்ததைப் பகுத்து உண்பதையும் பல உயிர்களைப் பேணுவதையும் ஒன்றாக வைத்து, நூலோர் தொகுத்த அறங்களுள் தலையானது அது என்று அவர் கூறும் குறள் ஈகை அதிகாரத்தில் இல்லை, கொல்லாமை அதிகாரத்தில் இருக்கிறது. தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்வதும் கொலையின் ஒரு வகை என்பது அந்த வைப்புமுறையிலேயே உணர்த்தப்படுகிறது. 1992-இல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்தான பல்லுயிரிய உடன்படிக்கை பாதுகாப்பு, நீடித்த பயன்பாடு, பயன்களின் நியாயமான பகிர்வு என மூன்று நோக்கங்களை அறிவித்ததும், அதன்வழி இந்தியா 2002-இல் பல்லுயிரியச் சட்டம் இயற்றியதும் இதே இணைப்பைத்தான் நாடின. ஆனால் நடைமுறையில் முதல் நோக்கத்துக்கு வேலியும் காவலும் கிடைத்தன. மூன்றாவதற்குக் கூட்டங்களும் பதிவேடுகளும் கிடைத்தன.

யார் பங்கு எவ்வளவு என்னும் கேள்வியை இச்சரிவில் மலையணிலே எழுப்பிவிடுகிறது. உடல் சாம்பல் நிறமும் அதன் மேல் நரை பூத்தாற்போன்ற வெண்மயிரும் நீண்ட அடர்ந்த வாலும் கொண்ட இவ்விலங்கு தரைக்கு இறங்குவது அரிது. அடுத்தடுத்த மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், இலையும் சுள்ளியும் கொண்டு உருண்டைக் கூடு கட்டி, எதிரி வந்தால் பக்கத்து மரத்துக்குத் தாவிவிடும். ஆகவே அதற்குத் தேவைப்படுவது மரம் மட்டுமன்று, மரத்துக்கும் மரத்துக்கும் இடையே அறாத தொடர்ச்சி. ஓடைக்கரையில் ஒரு முதிர்ந்த மாமரமோ புளியமரமோ வெட்டப்பட்டால் அணிலின் சாலை அங்கே துண்டிக்கப்படுகிறது. சிவகாசியில் விலங்கியல் கற்பித்த ஜான்சிங்கும் அவரோடு ஆராய்ந்த ஜோசுவாவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதத் தலையீடு இவ்வாழிடத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதைப் பதிவுசெய்தது. சரணாலயத்தின் எல்லைக்கோட்டை அணில் அறியாது. அடிவாரத்துத் தனியார் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் அதற்குக் காட்டின் தொடர்ச்சியே. மரம் பூக்கும்போதே தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு அணில் கடித்துப் போட்ட ஒவ்வொரு காயும் நட்டம். யானை இறங்கிச் சாய்த்துவிட்ட தென்னைக்கோ பல ஆண்டு உழைப்பே நட்டம். உலகம் முழுவதும் பெருமை கொள்ளும் பாரம்பரியத்துக்கான விலையில் ஒரு பகுதியைச் சேத்தூர், ராஜபாளையம் பக்கத்துத் தோப்புக்காரரும் குத்தகைக்காரரும் செலுத்துகின்றனர். அவர்கள் அணிலை விரட்டாமல் விடுவதைப் புண்ணியம் என்று பாராட்டுவது எளிது. ஒருவரின் புண்ணியத்தில் மற்றவரெல்லாம் பயனடையும்போது இழப்பீடு என்பது சலுகையன்று, கடன்.

இதைவிடக் கூர்மையான கேள்வியை எழுப்புவோர் பளியர். செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் முதலிய அடிவாரக் குடியிருப்புகளில் வாழும் இப்பழங்குடியினர் மலைத்தேன், கல்பாசி, நன்னாரி போன்ற சிறுவனப் பொருள்களை, அதாவது மரம் வெட்டாமல் காட்டிலிருந்து எடுக்கக்கூடியவற்றைச் சேகரித்து வாழ்ந்தவர்கள். 1960-களில் இவர்களிடையே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், பளியர் வாழ்வின் அடிப்படை அறமாகச் சமநிலை மரியாதையைக் கண்டார்: எவரும் எவரையும் தாழ்த்தலாகாது, ஏவலாகாது, போட்டியிட்டு முந்தலாகாது, மனக்கசப்பு முற்றினால் சண்டையிடுவதை விட விலகிப்போவதே மேல். எழுத்தில் இல்லாத இந்த அறம், ஆசாரியர்கள் நூல்களில் தர்க்கம் செய்து அடைந்த இடத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அங்கே தத்துவமாக இருந்த ‘எனது அன்று’ என்பது இங்கே பழக்கமாக இருக்கிறது. ஆனால் சமமானவர்களுக்கிடையே அழகாக இயங்கும் இவ்வறம், சமமில்லாதவர் எதிரே வந்தவுடன் தோற்றுவிடுகிறது. விலை பேசும் வியாபாரியிடமும் ஆணை காட்டும் அலுவலரிடமும் விலகிப்போகும் வழக்கம் இழப்பில்தான் முடியும். தத்துவம் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் வலுவான காரணம் கிடைப்பது அரிது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருள்களின் மீது காடுவாழ் மக்களுக்கு உரிமையும், காட்டைக் காக்கும் அதிகாரத்தை அவர்களின் கிராம சபைக்கும் அளித்தது இவ்வகையில் பொருளுடையது.

பக்கத்து மலையின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. 1987-இல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணிப் பழங்குடியினர், சோர்வு நீங்க மென்ற ஒரு சிறுசெடியின் காய் வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள பாலோடு தாவரவியல் நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு உரிமம் வழங்கி, உரிமத் தொகையிலும் ஆதாயப் பங்கிலும் பாதியைக் காணி மக்களுக்கு ஒதுக்கியது. பயன்பகிர்வுக்கு உலகளவில் எடுத்துக்காட்டப்பட்ட இம்முயற்சி, செடியைக் காட்டிலிருந்து எடுப்பதில் வனத்துறையோடு ஏற்பட்ட முரண்பாட்டினால் தளர்ந்தது. அறிவுக்குப் பங்கு கொடுக்கச் சம்மதித்த ஏற்பாடு நிலத்துக்குப் பங்கு கொடுக்கவில்லை.

இவ்வாறு பார்த்துவரும்போது இச்சரிவின் உண்மையான முரண் காட்டுக்கும் மனிதனுக்கும் இடையே இல்லை, மனிதரின் உரிமைக் கோரிக்கைகளுக்கு இடப்படும் வரிசையில் இருப்பது தெரிகிறது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்து, அதே மாதத்தில் அத்தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கியது. மலைமாடுகளை வைத்துப் பிழைக்கும் வருசநாடு, மேகமலை அடிவாரத்து மக்களுக்கு இது நேரடி அடி. மிகுதியான மேய்ச்சல் முளைகளை அழிக்கும், கால்நடை நோய் காட்டெருமைக்கும் மானுக்கும் பரவும் என்பன மெய்யான கவலைகள். அவற்றை ஒதுக்க முடியாது. ஆனால் இடையர் ஒருவரின் மேய்ச்சலால் தோன்றியதாகத் தன் புராணமே சொல்லும் கோயிலுக்கு, அந்த மேய்ச்சல் விலக்கப்பட்ட மலையில், திருவிழா நாளில் பெருங்கூட்டம் ஏறுவது இயல்பானதாகக் கருதப்படுகிறதே, அதற்கு எந்தக் கோட்பாட்டில் இடமிருக்கிறது? பக்தரின் வழிபாட்டுரிமை அரசியலமைப்பால் காக்கப்படுவது. மாட்டுக்காரரின் பிழைப்போ வழக்காற்றால் வந்தது. சட்டத்தின் கண்ணில் முதலாவது கனமானது. சேஷ-சேஷி தத்துவத்தின் கண்ணிலோ, வழிபட வருபவரே தம் உரிமையைக் கடைசியில் வைக்கக் கடமைப்பட்டவர். தம் மகிழ்ச்சிக்காக இறைவனின் உடலைத் தேய்ப்பது கைங்கரியம், அதாவது தொண்டு, ஆகாது.

வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989-இல் எழுதிய விமரிசனமொன்றில், மனிதரற்ற வனம் என்னும் இலட்சியம் ஏழை நாடுகளில் செயற்படும்போது ஏழைகளிடமிருந்து வசதியுள்ளோருக்கு வளத்தை மாற்றிக்கொடுப்பதாக முடிகிறது என்றார்; புலிகள் காப்பகங்களையே அவர் சான்றாகக் காட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவ்விமரிசனம் அப்படியே பொருந்தாது, ஏனெனில் இங்கு காட்டுக்குள் வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் வசதியுள்ள சுற்றுலாக்காரர் அல்லர், தாமும் ஏழைகளே. அதனால் சிக்கல் எளிதாகவில்லை, கடினமாகிறது. ஏழையின் பக்திக்கும் இன்னொரு ஏழையின் பிழைப்புக்கும் ஊமையான உயிர்களின் இருப்புக்கும் இடையே வரிசை வகுக்க வேண்டியிருக்கிறது. மலை ஒரு நாளில் எத்தனை பேரைத் தாங்கும் என்ற கேள்வி வனத்துறை, அறநிலையத்துறை, நீதிமன்றம் ஆகியவற்றின் கேள்வியாக மட்டும் பேசப்படுகிறது. அதே மலையில் தலைமுறைகளாகத் தேனெடுத்து, எந்தப் பாறையில் எந்த ஆண்டு தேனடை குறைந்தது, எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றியது என்று அறிந்த பளியரின் கிராம சபை அக்கேள்விக்கு விடை சொல்லத் தகுதியுடையது என்பதைச் சட்டத்தின் எழுத்தே ஒப்புக்கொள்கிறது. ஆடி அமாவாசைக்கான ஏற்பாடுகள் குறித்த கூட்டத்தில் அந்தச் சபைக்கும் ஒரு நாற்காலி போடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.